எண்ணும் இடமும்: ஆனந்தின் ஓர் ஆட்டம்

சதுரங்கம் நம் பாரத நாட்டிற் பிறந்து, பாரசீகத்தின் வழியே மேலை நாடுகளுக்குச் சென்றதென்பது அறிஞர் துணிபு. அங்ஙனம் சென்ற கலையில் உலக முதன்மை எய்திய தமிழர், 1969-இல் மயிலாடுதுறையிற் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்ற விசுவநாதன் ஆனந்த் ஆவர். 2013 சனவரித் திங்களில், ஒல்லாந்து நாட்டு வைக் ஆன் ஸீ என்னும் ஊரில், அர்மீனியரான லெவோன் அரோனியனோடு அவர் கறுப்புக் காய்களைக் கொண்டாடி, 23 நகர்த்தல்களில் வென்ற ஆட்டத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வென்றார் இன்னார் என்று அறிதல் எளிது. எதனால் வென்றார் என்று அறிதலே கற்பார்க்குப் பயன் தருவது.

தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் திருத்தணிப் பக்கத்தார்க்கு ஆடு புலி ஆட்டம் புதிதன்று. தெலுங்கர் அதனைப் புலி மேக என்பர். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி ஆட்டை வெட்டும். ஆடு புலியை வெட்டாது. ஆயினும் நகர வழியின்றி அடைபட்ட புலி இருந்தும் இல்லாததே யாகும். காயின் வலிமை அதன் பெயரில் இல்லை. அது நிற்கும் இடத்திலும், அதற்குத் திறந்துள்ள வழியிலுமே உளது. நாம் எடுத்துக்கொண்ட ஆட்டத்திற்கும் இதுவே திறவுகோல்.

வெள்ளையின் இடப்புறந் தொடங்கி நெடுவரிசைகளை ஏ முதல் எச் வரையும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிப்பது வழக்கு. முதற் பதினொரு நகர்த்தல்களும் மெரான் என்னும் முறையைத் தழுவி நடந்தன. பன்னிரண்டாவதில் அரோனியனின் குதிரை ஜி5-க்குப் பாய்ந்தது. டி3-இல் மந்திரியும் சி2-இல் ராணியும் எச்7-ஐ நோக்கி நின்றமையின், அங்கிருந்த சிப்பாய்க்கு இடர் வந்தது. ஆனந்த் அதனைக் காத்திலர். சி6 சிப்பாயைச் சி5-க்குச் செலுத்தினார். அதனால் அவருடைய பி7 மந்திரிக்கு ஜி2 வரை நெடுவழி திறந்தது. குதிரை எச்7 சிப்பாயை வெட்டி, எஃப்8 யானையையும் தாக்கியது. ஆனந்த் அதற்கும் அஞ்சாது தம் குதிரையை ஜி4-இல் நிறுத்தினார். எச்2-இன் மேல் வந்த தாக்குதலைத் தடுக்க அரோனியன் எஃப்4 ஆடினார். டி4-இற் சிப்பாய்கள் மாறியபின், கறுப்பின் மற்றை மந்திரி சி5-க்கு வந்து, டி4 சிப்பாயை அரசனோடு பிணித்தது.

பதினாறாவதில் வெள்ளை மந்திரி இ2-க்குப் பின்வாங்கி ஜி4 குதிரையைத் தாக்கியது. ஆனந்த் அக்குதிரையை விலக்காது, மற்றைக் குதிரையையும் இ5-இற் கொண்டுவந்து நிறுத்தினார். இதுவே ஆட்டத்தின் உயிர்நிலை. இ5 குதிரையை டி4 சிப்பாய் வெட்ட இயலாது, அது பிணிப்புண்டது. எஃப்4 சிப்பாய் வெட்டினாலோ, கறுப்பு ராணி டி4-ஐ வெட்டி முற்றுகை இடும். அரசன் எச்1 மூலைக்கு ஒதுங்கினால், ராணி ஜி1-இல் தன்னையே பலியிடும். யானை அதனை வெட்டியே தீரவேண்டும். அதன்பின் குதிரை எஃப்2-இல் இறங்க, தன் காய்களாலேயே சூழப்பட்ட அரசனுக்கு முடிவு நேரும்.

இதனை உணர்ந்த அரோனியன் ஜி4 குதிரையை வெட்டினார். கறுப்பு மந்திரி டி4 சிப்பாயை முற்றுகையோடு கவர, அரசன் மூலைக்கு ஒதுங்கியது. கறுப்புக் குதிரை ஜி4 மந்திரியை வெட்ட, வெள்ளைக் குதிரை எஃப்8 யானையை வெட்டியது. மறுவெட்டுக்கு விரையாது ஆனந்த் எஃப்5 ஆடினார். ஜி4 குதிரைக்குத் துணை வந்தது, சி2 ராணிக்கு எச்7 வழி அடைபட்டது. வெள்ளைக் குதிரை பின்னர் ஜி6-இல் மாண்டது.

இப்பொழுது எண்ணிப் பார்ப்போம். சிப்பாய்கள் இருவர்க்கும் ஐந்து. ராணியும் குதிரையும் இருவர்க்கும் ஒவ்வொன்று. அரோனியனுக்கு யானை இரண்டு, மந்திரி ஒன்று. ஆனந்துக்கு யானை ஒன்று, மந்திரி இரண்டு. கணக்கில் வெள்ளையே மேல். ஆயினும் ஏ1 யானையும் சி1 மந்திரியும் தொடக்கந்தொட்டு இடம் பெயர்ந்தில. அவை அடைபட்ட புலிகள். ஆனந்தின் மந்திரிகளோ இருதிசையினின்றும் எதிரி அரசனை நோக்கி நின்றன.

கறுப்பு ராணி எச்5-க்கு வந்து, எச்3 சிப்பாயை வெட்டி ஆட்டத்தை முடிக்கக் கருதியது. ஜி2 சிப்பாய் பி7 மந்திரியாற் பிணிப்புண்டமையின் மறுவெட்டு இல்லை. எச்3-ஐக் காக்க வெள்ளை ராணி டி3-க்கு வந்தது. ஆனந்தின் மந்திரி இ3-இற் புகுந்து அவ்வரிசையை மறித்தது. அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

1907-இல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் என்பார் ராட்லெவியை வென்ற ஆட்டத்தை அறிந்தார்க்கு இஃது உடனே நினைவில் எழும். அங்கும் ஜி4-இற் குதிரை. அங்கும் அடுத்தடுத்து நின்று அரசனை நோக்கும் இரு மந்திரிகள். அங்கு ராணியே பலியாயிற்று. காய்களின் வைப்பு வேறு, கருத்து ஒன்றே. ஆனந்த் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்த வழியை இங்குக் கையாண்டார். ஆதலின், நொடியிற் பிறந்ததாகத் தோன்றும் திறமைக்குப் பின் நெடுநாட் கல்வி நிற்பதை மாணவர் மறத்தலாகாது. முன்னோர் நூலை மனப்பாடம் செய்தல் ஒன்று. அதன் கருத்தைப் புதிய இடத்திற் கண்டு கொள்ளுதல் மற்றொன்று. பின்னையதே கல்வி.

அவ்வாண்டு நவம்பரில் ஆனந்த் சென்னையில் மாக்னஸ் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். 2024 திசம்பரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் பதினெட்டாம் வயதில் அப்பட்டத்தை வென்றார். பட்டம் கைம்மாறும், ஆராய்ச்சியின் பயன் நிலைக்கும். மாணவ நண்பர்காள்! பலகையில் பதினாறாம் நகர்த்தல் வரை காய்களை வைத்து, வெள்ளைக்குத் தக்க விடை யாதென நீவிரே தேடுமின். எங்ஙனம் தேடினும், முதலில் காய்களை எண்ணாது, எக்காய்க்கு வழியுளது, எதற்கு இல்லை என்று நோக்குமின்.