பாகில் தொடங்கு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டரிங் படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கிறாய். அவிநாசியில் உன் வீட்டு மாடியறையில் ஓல்ட் ஃபேஷன்ட் காக்டெயிலை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றிப் பார்க்கிறாய். எழுதியதில் சந்தோஷம். நீ அனுப்பிய செய்முறையில் நன்னாரி இருக்கிறது, ஈரோட்டு மஞ்சள் இருக்கிறது, இளநீர், கறிவேப்பிலை, கடைசியில் கொட்டாங்குச்சிப் புகை. ஊர்மேல் உனக்குள்ள பற்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் விஸ்கியைக் காணோம். உனக்குச் சொல்ல வந்ததைப் பொதுவிலேயே எழுதுகிறேன். கோவையிலும் திருப்பூரிலும் இதே ஆசையோடு இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பானத்தின் கதையைத் தெரிந்துகொள். 1806 மே மாதம், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரின் பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் எழுதியது. ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு. இந்த நான்கும் சேர்ந்தால் காக்டெயில் என்றது. பிறகு வந்த பார்டெண்டர்கள் இதில் ஆரஞ்சு மதுவை ஊற்றினார்கள், செர்ரி மதுவை ஊற்றினார்கள், அப்சிந்தைத் தெளித்தார்கள். 1880-களில் பழைய வாடிக்கையாளர்கள் சலித்துப்போய், அந்தக் காலத்து மாதிரியே கொடு என்று கேட்கத் தொடங்கினார்கள். ஓல்ட் ஃபேஷன்ட் என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான். அதிகமாகச் சேர்த்ததில் அலுத்துப்போனவர்கள் கேட்டு வாங்கிய பானம் இது. அதன்மேல் ஐந்து புதுச் சரக்கைக் கொட்டினால் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறோம்.

நான்கில் ஒன்றை மட்டும் மாற்று. மற்ற மூன்றையும் தொடாதே. அப்போதுதான் குடிக்கிறவருக்கு நீ செய்த மாற்றம் நாக்கில் தெரியும், பிழை இருந்தால் எங்கே என்று உனக்கும் தெரியும்.

எதை மாற்றுவது என்று கேட்டால் சர்க்கரையை என்பேன். கொங்கு நாட்டுக்காரன் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். இனிப்பில் இத்தனை வகையை அன்றாடம் புழங்கும் ஊர்கள் அதிகம் இல்லை. கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை ஏலம் நடக்கிறது, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது. சித்தோட்டில் வெல்லச் சந்தை. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்கருப்பட்டி. வெளியூர்க்காரர்கள் பதநீர் என்பதை நாம் தெளுவு என்போம், அதைக் காய்ச்சினால் பனங்கருப்பட்டி. புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குகிறார்கள். அந்தச் சுண்ணாம்பின் லேசான கரிப்பும் அடுப்புப் புகையும் கருப்பட்டியில் தங்கிவிடுகின்றன. நீ கொட்டாங்குச்சியைக் கொளுத்தித் தேடிய புகை பாகுக்குள்ளேயே இருக்கிறது. (மூடிய அறையில், சாராய ஆவிக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்கும் வேலையை அடியோடு விட்டுவிடு.)

எந்த இனிப்பை எந்த விஸ்கியோடு சேர்ப்பது என்பதைத்தான் நம் பிள்ளைகள் யோசிப்பதில்லை. டாஸ்மாக்கில் கிடைக்கும் சாதாரண இந்திய விஸ்கியில் பெரும்பங்கு கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து எடுத்த சாராயம். அதில் கொஞ்சம் மால்ட் சேர்ந்திருக்கும். ஐரோப்பாவில் தானியத்தில் வடித்ததை மட்டுமே விஸ்கி என்று விற்கலாம் என்பது சட்டம். கரும்பில் வந்த சாராயத்தோடு கரும்பில் வந்த நாட்டுச் சர்க்கரையைச் சேர்த்தால் இரண்டும் ஒரே சுருதியில் போய் மந்தமாகிவிடும். அதற்குப் பனங்கருப்பட்டியைப் போடு. கரிப்பும் புகையும் சாராயத்தின் வெறும் இனிப்பை வெட்டும். பார்லியில் வடித்த மால்ட் விஸ்கி கையில் இருந்தால் நாட்டுச் சர்க்கரை எடு. பார்லியின் ரொட்டி மணத்துக்குக் கரும்பின் பசுமை நன்றாக நிற்கும்.

மால்ட் என்றதும் ஸ்காட்லாந்தைப் பார்க்கவேண்டியதில்லை. 1948-இல் ராதாகிருஷ்ண ஜக்தாலே பெங்களூரில் தொடங்கிய அம்ருத் ஆலை, 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் அறிமுகப்படுத்தியது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும். பெங்களூர் வெயிலில் 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடுகிறது. இழப்பு பெரிதுதான், ஆனால் அதே சூட்டில் விஸ்கி மரத்தோடு சீக்கிரம் கலந்து முதிர்ந்துவிடுகிறது. நம் வெயிலைக் குறையாக நினைக்காமல் வேலை செய்தவர்கள் அவர்கள்.

பாகு செய்யும் முறை சுலபம். 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 100 மில்லி தண்ணீரில் இளஞ்சூட்டில் கரை. கொதித்துக் கெட்டியாக விடாதே. வேட்டித்துணியில் இரண்டு முறை வடிகட்டு, மண் இல்லாத கருப்பட்டி அபூர்வம். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வை, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடு. வெளுப்பாகப் பளபளக்கும் வெல்லத்தையும் சர்க்கரையையும் வாங்காதே. வெளுக்க வைக்க ரசாயனம் போடுகிறார்கள். கருத்துப்போய்க் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதே நல்லது.

கலக்கும் அளவு இது: விஸ்கி 45 மில்லி, பாகு ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் இரண்டு மூன்று சொட்டு. ஜிக்கர் என்ற அளவுக் கோப்பை இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போதும், கோடு போட்டிருக்கும். கண்ணளவில் ஊற்றாதே. ஊற்றிப் பழகிய கைக்குக்கூட ராத்திரியில் கண்ணளவு கூடிவிடும்.

பிட்டர்ஸ் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காது. உலகம் முழுக்கப் புழங்கும் அங்கோஸ்துரா, 1824-இல் வெனிசுவேலாவில் சீகர்ட் என்ற ஜெர்மானிய ராணுவ மருத்துவர் வயிற்று உபாதைக்குச் செய்த மருந்து. அது கிடைக்காதபோது மட்டும் நீ வீட்டிலேயே ஒன்று செய்யலாம். நார்த்தங்காய்த் தோலை நிழலில் காயவைத்து, இரண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு, சின்னத் துண்டு சுக்கு சேர்த்து 100 மில்லி வோட்காவில் ஒரு வாரம் ஊறவிட்டு வடிகட்டு. நார்த்தங்காயின் வெள்ளைச் சதையில் உள்ள கசப்பு இதற்குப் போதும். ஒரு எச்சரிக்கை. நீலகிரியில் நடுவட்டத்திலும், வால்பாறைப் பக்கம் ஆனைமலையிலும் அரசாங்கம் சின்கோனா மரம் வளர்த்து மலேரியாவுக்குக் கொய்னா எடுத்த வரலாறு உனக்குத் தெரிந்திருக்கும். அந்த மரத்தின் கசப்புப் பட்டை எங்காவது கிடைத்தால் ஊறவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். வீட்டில் அதன் அளவைக் கட்டுப்படுத்த முடியாது, அதிகமானால் காது இரையும், பார்வை மங்கும், இதயத் துடிப்பே தடுமாறும்.

இப்போது விஸ்கியில் நெய் மணம் ஏற்றும் வித்தைக்கு வருகிறேன். இது இரண்டாம் பாடம். முதல் பாடம் கைக்கு வந்தபிறகு செய், அப்போது பாகைப் பழையபடி வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றிவிட்டுச் செய். நியூயார்க்கில் 2007-இல் திறந்த பிடிடி என்ற சின்ன மதுக்கூடத்தில் டான் லீ என்ற பார்டெண்டர், டென்னசி மாநிலத்துப் பன்றி இறைச்சியின் புகைக் கொழுப்பை உருக்கி போர்பன் விஸ்கியில் ஊறவைத்து, உறையவைத்து, கொழுப்பை எடுத்தெறிந்தார். கொழுப்பு போய்விட்டது, மணம் விஸ்கியில் நின்றது. அந்த ஓல்ட் ஃபேஷன்ட் உலகம் சுற்றியது.

நமக்குப் பக்கத்திலேயே ஊத்துக்குளி இருக்கிறது. அந்த வெண்ணெயை வாங்கி, உங்கள் வீட்டில் உருக்குவது போலவே முருங்கைக் கீரை ஒரு கொத்துப் போட்டு உருக்கு. கசடு பொன்னிறமாகும் நேரத்தில் இறக்கி வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடு. அடுப்பை அணைத்துவிட்டு, வேறு அறைக்குப் போய், ஒரு குவார்ட்டர் விஸ்கியில், அதாவது 180 மில்லியில், ஒரு மேசைக்கரண்டி நெய்யை ஊற்றிக் குலுக்கு. நாலு மணி நேரம் வெளியே இருக்கட்டும், பிறகு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வை. சாராயம் உறையாது, நெய் மேலே கட்டியாக நிற்கும். ஓட்டை போட்டு விஸ்கியை இறுத்து, காபி ஃபில்டர் தாளில் மறுபடி வடிகட்டு. மணத்தைத் தரும் பொருள்கள் பல நெய்யிலும் கரையும், சாராயத்திலும் கரையும், அதனால் இடம் மாறுகின்றன. கூடவே மலிவான விஸ்கியின் தொண்டைக் காரத்தையும் நெய் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்து. நெய்யின் சிக்கு வாசம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

தண்ணீரும் ஐஸும் நான்கில் ஒரு பங்கு என்பதை மறக்காதே. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதில் உறைந்த ஐஸ் நல்ல விஸ்கியையும் கெடுக்கும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் உறையவை. பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாகக் கரையும். சித்திரை வெயிலில் கிளாஸையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடு. அரை நிமிஷம் போல நிதானமாகக் கலக்கு, 45 மில்லி ஏறத்தாழ 60 ஆகும். அந்தத் தண்ணீர் சேரும்போதுதான் மணம் விரியும். ஷேக்கரில் போட்டு உலுக்காதே, பழச்சாறு இல்லாத பானத்துக்கு அது வேண்டியதில்லை.

இனி நான் சொல்வதையும் செய்முறையின் பகுதியாகவே எடுத்துக்கொள். திருப்பூரில் சனிக்கிழமை வாரக்கூலி கிடைத்ததும் டாஸ்மாக் முன்னால் என்ன நடக்கிறது என்று நீ பார்த்து வளர்ந்தவன். கட்டிங் வாங்கி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு நடப்பார்கள். ருசி என்ற பேச்சே அங்கே கிடையாது. எத்தனையோ வீடுகளில் அன்றைய ராத்திரி பெண்களும் குழந்தைகளும் பயந்துகொண்டு காத்திருப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உன் அம்மா மாடியறை பாட்டில்களைப் பார்த்து முகம் சுளித்தார் என்று எழுதியிருந்தாயே, அந்தச் சுளிப்பில் இத்தனையும் இருக்கிறது. கலை என்று சொல்லி அதை ஒதுக்கிவிடாதே, கண்ணு. அவரிடம் உட்கார்ந்து பேசு.

45 மில்லி என்று நான் அளவைக் குறைத்ததற்கும் காரணம் அதுதான். நம் நாட்டு விஸ்கி 42.8 சதவீதம். புத்தகங்கள் சொல்லும் 60 மில்லியில் சுமார் 20 கிராம் சுத்தச் சாராயம், 45-இல் 15 கிராம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பயிற்சியின்போது நுனிக்கரண்டியால் ருசித்துத் துப்பு, தொழில்முறை ருசிப்பாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். கலக்கும் பழக்கத்துக்குக் கட்டன் சாயாவை வைத்துக்கொள், பாகு அளவு, ஐஸ் கரைவது எல்லாம் அதிலேயே பிடிபடும். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு விற்பது குற்றம். உன் கல்லூரி ஜூனியர்களுக்கு ஊற்றிக் காட்டாதே. வீட்டில் கலந்து காசுக்கு விற்பதும் குற்றம், நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்எல்3, கிளப்புக்கு எஃப்எல்2 என்று தனித்தனி உரிமம் இருக்கிறது. காய்ச்சி வடிப்பதைக் கனவிலும் நினைக்காதே.

கோவை அவிநாசி ரோட்டு ஓட்டல்களில் உனக்கு வேலை கிடைக்கும். அங்கே நிற்காமல் மேலே போக வேண்டுமானால் யாங்டுப் லாமாவின் பாதையைப் பார். டார்ஜிலிங்கிலிருந்து டெல்லிக்கு வந்த மனிதர். அவர் 2018-இல் கூட்டாளியோடு தொடங்கிய சைட்கார், 2022-இல் உலகின் சிறந்த 50 மதுக்கூடங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. மும்பையில் ஷத்பி பாசு 1980-களிலேயே, பெண்கள் இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்றிருந்த காலத்தில் நின்று, பிறகு பள்ளியும் நடத்திப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார்.

கடைசியாக, நீ வைத்த பெயர். பஞ்சாமிர்தம் ஓல்ட் ஃபேஷன்ட் என்று எழுதியிருக்கிறாய். மாற்றிவிடு. பழனிக்குப் போகிற சர்க்கரை உன் கிளாஸிலும் இருக்கலாம், ஆனால் அந்தப் பிரசாதத்தைக் கையேந்தி வாங்கியவர்களின் மனம் நோகும். அவிநாசியப்பர் பெயரும் வேண்டாம், சுந்தரர் முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்ட கதையும் வேண்டாம். கருப்பட்டி ஓல்ட் ஃபேஷன்ட் என்றே வை, உள்ளே இருப்பதை அது சொல்லிவிடுகிறது.

கருப்பட்டிப் பாகிலும் நாட்டுச் சர்க்கரைப் பாகிலும் ஒவ்வொன்று கலந்து, உன்னைவிட நாக்கு நுட்பமான ஒருவரிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார். எந்த விஸ்கி, பாகு எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் கலக்கினாய், அவர் என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு. நெய்யை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
உன் அண்ணன்