பழைய போர் விமானங்களைப் படம் பிடித்தல்

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாக் கடற்கரையில் வான் சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. ரஃபேலும் தேஜஸும் காதைப் பிளந்துகொண்டு சென்ற அதே வானில், பழைய டகோட்டா விமானம் ஒன்றும் நிதானமாகக் கடந்து சென்றது. அதைக் காணவென்றே, சித்தப்பாவிடம் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு முதல் நாளே சென்னைக்கு வண்டி ஏறியவன் நான். டகோட்டாவை ஒன்பது படங்கள் எடுத்தேன். விடுதிக்குத் திரும்பிக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்பதிலும் அதன் இரண்டு எஞ்சின்களும் நின்றிருந்தன!

உண்மையில் நின்றது எஞ்சின் அன்று. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடிய என் ஷட்டர், சுழன்றுகொண்டிருந்த முன் விசிறிகளை மின்சாரம் போன வீட்டு விசிறியைப்போல நிறுத்திக் காட்டிவிட்டது. இந்தத் தவற்றை ஆராயப் புகுந்து நான் கற்றவற்றை இங்கு எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சீராகப் பறக்கையில் டகோட்டாவின் எஞ்சின் நிமிடத்திற்கு 2,050 முறை சுற்றுவதாகக் கொள்வோம். விசிறி அதே வேகத்தில் சுற்றுவதில்லை. எஞ்சின் 16 முறை சுற்றினால் விசிறி 9 முறை சுற்றும்படி இடையிலுள்ள பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைக்கின்றன. ஆகவே விசிறிக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,150 சுற்றுகள், விநாடிக்கு 19. 1/1000 விநாடியில் அது நகர்வது 7 பாகையே. 1/125 விநாடியில் 55 பாகை. 1/60 விநாடியில் 115 பாகை. டகோட்டாவின் விசிறிக்கு மூன்று தகடுகள். அவற்றிடையே 120 பாகை இடைவெளி. எனவே 1/60இல் ஒவ்வொரு தகடும் அடுத்த தகடு இருந்த இடத்தை ஏறக்குறைய எட்டிவிடும். படத்தில் முழு வட்டமும் மெல்லிய கண்ணாடித் தட்டைப்போலத் தெரியும். இதுவே நாம் கண்ணால் காணும் தோற்றத்திற்கு நெருங்கியது.

எல்லா விமானத்திற்கும் இதே எண் பொருந்தாது. பயிற்சி விமானமான டைகர் மாத்தில் பற்சக்கரக் குறைப்பே கிடையாது. எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே விசிறியும் சுற்றும். நிமிடத்திற்கு 2,000 சுற்று என்றால் 1/125 விநாடியில் 96 பாகை. ஆகவே அதற்கு 1/125 போதும். ஜெட் விமானங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாட், ஹண்டர் போன்றவற்றை 1/1000இல் தாராளமாக எடுக்கலாம்.

அப்படியானால் 1/60இல் எடுத்துவிட வேண்டியதுதானே என்று தோழர்கள் கேட்கலாம். அங்கேதான் இடர்ப்பாடு. விமானம் மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் 300 மீட்டர் தொலைவில் நம் முன்னே கடக்கிறது என்றும், நம் லென்ஸ் 300 மில்லிமீட்டர் குவியத் தூரம் உடையது என்றும் கொள்வோம். காமிராவை அசைக்காமல் பிடித்தால், 1/125 விநாடிக்குள் விமானத்தின் பிம்பம் உணர்தகட்டின்மீது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். இக்காலக் காமிராவில் அது எண்பது புள்ளிகளின் நீளம்! விசிறியோடு விமானமும் கலங்கிப் போகும். ஆகவே விமானத்தின் ஓட்டத்தோடு காமிராவையும் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். படம் எடுக்க நினைக்கும் திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, கைகளைத் திருப்பாமல் இடுப்பைத் திருப்ப வேண்டும். பொத்தானை அழுத்திய பின்னும் திருப்புவதை நிறுத்தலாகாது. கல்லூரி வாயிலில் கடந்து செல்லும் டவுன் பஸ்களை வைத்து இரண்டு மாதம் பழகினேன். முதல் வாரம் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் தேறியவை நான்கு. ஒரு நடத்துனர் என்னைப் புகார் எழுதுபவன் என்று எண்ணிப் பேருந்தை நிறுத்தி விசாரித்ததும் உண்டு.

கைப்பேசியில் எடுப்பவர்க்கு வேறொரு வியப்பு காத்திருக்கிறது. அதன் உணர்தகடு காட்சி முழுவதையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. வரி வரியாக மேலிருந்து கீழே பதிகிறது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் விசிறி நகர்ந்துவிடுவதால், தகடுகள் வாழைப்பழம்போல வளைந்தும், சில வேளை தண்டை விட்டுத் தனியே மிதப்பவைபோலவும் தோன்றும். இதைப் பின்னர்த் திருத்துவது இயலாத செயல்.

ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால் முற்பகல் வெயில் எதிரே, உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும். விமானத்தின் அடிப்புறம் நிழலில் கருத்துவிடும். பிரகாசமான வானத்தைக் கண்டு காமிரா ஏமாந்து மேலும் இருட்டாக்கும். ஆகவே அது காட்டும் அளவைவிட ஒரு படி கூடுதலான ஒளி தர வேண்டும். வெயிலைப் பற்றி இவ்வளவோடு நிறுத்த மனம் வரவில்லை; அன்றைய நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தனர். இத்தகைய இடத்திற்குச் செல்பவர் லென்ஸுக்கு முன் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்வது நன்று.

இனி, எடுத்த படத்தைக் கணினியில் செப்பனிடுவது. நிழலில் கருத்த அடிப்புறத்தைச் சற்று வெளுக்கச் செய்யலாம். உணர்தகட்டில் படிந்த தூசியால் வானத்தில் விழுந்த கரும்புள்ளிகளை அகற்றலாம். விமானத்தின் முன்னே வெற்றிடம் மிகுதியாக இருக்குமாறு ஓரங்களை வெட்டலாம். கானலால் மங்கிய படத்தைக் கூர்மையாக்க முயல்வது மட்டும் வீண். கானலின் நெளிவுகளே கூர்மை பெறும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, இடையே வெண்மை, நடுவே பச்சை. மென்பொருளில் சிவப்புக்குரிய அளவை ஏற்றினால் காவி வெளுத்து வெண்மையோடு கலந்துவிடும். சின்னத்தில் பச்சைப் புள்ளி மட்டும் கருமையாக எஞ்சும். பழைய படச்சுருள்களிலும் இவ்வாறே நேர்ந்தது. ஆர்தோகுரோமாட்டிக் என்னும் சுருள் சிவப்பை உணராது. அதில் சிவப்பு கருப்பாகவும், மஞ்சள் இருண்டும், நீலம் வெளிறியும் விழும். முதல் உலகப் போர் விமானங்களின் நிறங்களைப் பற்றி ஆய்வாளர் இன்றும் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய படத்திற்கு நிறமூட்டுவோர்க்கும் ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்த நம் விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பு கிடையாது. ஜப்பானியரின் செவ்வட்டமென்று எண்ணித் தம் படையினரே சுட்டுவிடாதிருக்க, 1942இல் தொடங்கி அதை நீக்கிவிட்டனர். தானே நிறமூட்டும் மென்பொருள் நடுவில் சிவப்பை வைத்தால் அது அழகாக இருக்கும், வரலாறாக இராது.

என் ஒன்பது படங்களுக்கு வருகிறேன். மென்பொருளில் விசிறியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதனுள் மட்டும் சுழற்சி மங்கலைச் சேர்க்கும் வசதி உண்டு. 60 பாகை என்று கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது! மலர்க் குழுவில் பார்த்தவர் அனைவருக்கும் அந்தப் படமே பிடித்தது. எனக்கும் பிடித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதற்கிடையே விடுதி நண்பன் ஒருவன், நான் அனுப்பிய மூலப் படத்தை எடுத்துப் பழுப்பேற்றி, புள்ளி தூவி, இரண்டு கீறலும் போட்டு, கீழே 'ஸ்ரீநகர், 1947' என்று எழுதி விளையாட்டாக அனுப்பிவிட்டான். அவனுக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. 1947 அக்டோபர் 27இல் சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களை ஸ்ரீநகருக்குக் கொண்டுசென்ற டகோட்டாக்களுள் ஒன்றின் எண் விபி 905. நாங்கள் கண்ட விமானம் அந்த எண்ணைத் தாங்கியிருப்பது. ஆனால் அதே விமானம் அன்று. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 'பரசுராமா' என்ற பெயருடன் 2018இல் நம் விமானப்படைக்கு வழங்கப்பட்டது.

மூன்றாம் நாள் அந்தப் பழுப்புப் படம் எங்கள் தாத்தாவின் கைப்பேசியை அடைந்துவிட்டது. அவர் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரவு ஒன்பது மணிக்கு என்னை அழைத்து, "ஏப்பா, காஷ்மீருக்குப் போன ஏரோப்ளேன் படம் ஒண்ணு வந்திருக்கு. டவுன்ல பெருசா போட்டு, கண்ணாடி மாட்டிக் கொண்டா. காசு நான் தாரேன்" என்றார். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டபின் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அந்த எழுத்த அழிச்சிட்டு, நெசமா எங்க எடுத்தியோ அத எழுதிக் குடு" என்றார்.

எந்தப் படத்தைக் கொடுப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது. எஞ்சின் ஓடுவதாக நான் செய்த படத்தையும் அச்சிட்டு வைத்திருந்தேன். அதன் கீழே 'நெசமா' என்று எதை எழுதுவது? மூலப் படத்தையே கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். இந்த மலருக்கும் அதையே தந்திருக்கிறேன். தாத்தா வீட்டுக் கூடத்தில் அது தொங்குகிறது. கீழே 'டகோட்டா, மெரினா, 6-10-2024, 1/1000 விநாடி' என்று எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் விசிறி ஏன் நிற்கிறது என்று கேட்டால், அவரே அந்த 7 பாகைக் கணக்கைச் சொல்கிறார். பற்சக்கரத்தை மட்டும் என்னிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.