பெர்மிட்டில் அச்சிடாத தேதிகள்

அன்புள்ள மதி,

கனடாவில் படித்து முடித்தவர்களுக்குத் தரப்படும் வேலை அனுமதி கைக்கு வந்ததும், எல்லோரும் முதலில் தேடுவது அது முடியும் தேதியை. மூன்று ஆண்டு என்று இருந்துவிட்டால் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைக்கத்தான் இதை எழுதுகிறேன். இந்த அனுமதி ஒருவருக்கு ஒரே முறைதான் கிடைக்கும். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகிறது என்பதற்காகக் காலத்தைக் குறைத்துக் கொடுத்திருந்தால், புதிய பாஸ்போர்ட்டைக் காட்டி மீதியைக் கேட்கலாம்; மற்றபடி நீட்டிப்பு கிடையாது. ஆகவே 'இதை எப்படி நீட்டிப்பது?' என்று கடைசி ஆண்டில் கேட்பதில் பயனில்லை. இது முடிவதற்குள் எந்த விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே கேட்க வேண்டும்.

சட்டம் இப்படி இருக்கிறது. அனுமதி முடியும் முன்பே வேறொரு வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை கனடாவிலேயே இருந்து, பழைய நிபந்தனைகளின்படி வேலையைத் தொடரலாம். செப்டம்பர் 30 கடைசி நாள் என்றால், 29-ம் தேதி விண்ணப்பித்தவர் மறுவாரமும் வேலைக்குப் போவார். அக்டோபர் 1-ல் விண்ணப்பித்தவர் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஆனால் எதற்கு விண்ணப்பிப்பது? பலரும் நம்பியிருப்பது, பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) முடிவு வரும்வரை வேலை செய்ய விடும் 'பிரிட்ஜிங் பெர்மிட்'. அதைப் பெற, பிஆர் விண்ணப்பம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்து, முழுமையாக இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். பிஆருக்கு ஆட்களை மதிப்பெண் வரிசையில் அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயரைப் பதிந்து காத்திருப்பது விண்ணப்பம் ஆகாது. அழைப்பு வந்த பிறகு 60 நாட்களுக்குள் அனுப்புவதுதான் விண்ணப்பம். கனடா அனுபவத்தை வைத்து அழைப்புப் பெற, திறன்சார் வேலையில் ஓராண்டு, அதாவது 1,560 மணிநேரம், வேலை பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணிநேரத்துக்கு மேல் உழைத்தாலும் அந்தக் கூடுதல் நேரம் கணக்கில் ஏறாது. கடையில் கல்லாவில் நின்ற நேரமும் ஏறாது. மொழித்தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். இவற்றைப் பின்னாலிருந்து கூட்டிப் பார். மூன்று ஆண்டு எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்.

'முன்பு அரசே நீட்டித்துக் கொடுத்ததே' என்பாய். உண்மைதான், 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறப்பு ஏற்பாடு வந்தது. ஆனால் அது பெருந்தொற்றும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்த காலம். 2021 பிப்ரவரி 13 அன்று வெறும் 75 மதிப்பெண் பெற்றவர்கள் வரை 27,332 பேரை அழைத்தார்கள். 2025-ல் கனடா அனுபவப் பிரிவில் 500-க்கு மேல் இருந்தும் பலர் காத்திருந்தார்கள். இனி நீட்டிப்பு இல்லை என்று 2023 டிசம்பரில் அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் சொல்லிவிட்டார். 2025-க்கான பிஆர் இலக்கையும் 5,00,000-லிருந்து 3,95,000-ஆகக் குறைத்தார்கள். காரணம் மாறிய பிறகும் சலுகை மட்டும் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

'காலாவதியானால் 90 நாள் இருக்கிறதே' என்றும் சிலர் சொல்வார்கள். அது இழந்த தகுதிநிலையை மீட்கக் கேட்பதற்கான அவகாசம்; அந்த நாட்களில் வேலை செய்யக்கூடாது, மீட்டுத் தரவும் வேறோர் அனுமதிக்கான தகுதி வேண்டும். மறுபடி படித்தாலும் இரண்டாவது முறை இந்த அனுமதி கிடைக்காது. தகுதியில்லாத ஒன்றுக்கு விண்ணப்பித்து நாளைக் கடத்தினால், மறுப்பு வந்ததுமே வேலை உரிமை போய்விடும். காசு கொடுத்து வேலைக் கடிதம் வாங்குவது இவை எல்லாவற்றையும்விட மோசம். பொய்த்தகவல் என்று தெரிந்தால் ஐந்து ஆண்டுத் தடை.

இதில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்தும் மதிப்பெண் எட்டாமல் போகலாம், அதற்கு நான் என்ன செய்ய? நியாயமான கேள்வி. விதியை இடையில் மாற்றுகிற அரசின் மேல் கோபப்படவும் உனக்கு உரிமை உண்டு. ஆனாலும் இந்தக் கேள்வியே சீக்கிரம் தொடங்கச் சொல்கிறது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான அழைப்பில் தேவைப்படும் மதிப்பெண் மிகக் குறைவு; மாகாணம் ஒன்று பரிந்துரைத்தால் 600 மதிப்பெண் கூடும். பிரெஞ்சை ஆறு மாதத்தில் அந்த அளவுக்குக் கற்பது கடினம். இரண்டு ஆண்டில் முடியும். மாகாணப் பரிந்துரைக்கும் பெரும்பாலும் அந்த மாகாணத்தில் வேலையும் அனுபவமும் வேண்டியிருக்கிறது. மாற்றுவழி எல்லாமே காலம் கேட்கிறது. அந்தக் காலம் முதல் ஆண்டில்தான் உன்னிடம் இருக்கிறது. எனவே இந்த வாரமே உன் வேலை திறன்சார் பட்டியலில் வருகிறதா என்று பார்த்துக்கொள். வரவில்லை என்றால், அதை மாற்றுவதுதான் உன் முதல் வேலை.

அன்புடன்.