வீட்டுக்கு வரும் சிகிச்சை ஆஸ்பத்திரிக்கு ஈடாகுமா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பி.பி. மாத்திரையும் பிசியோதெரபியும் இப்போது வீட்டுக்கே வருகின்றன. ‘ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமே’ என்று உறவினர்கள் குறைப்படுகிறார்கள். வீட்டில் தரும் சிகிச்சை ஆஸ்பத்திரிக்கு ஈடாகும் என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?
– வாசகர், பனமலை

பதில்: வீட்டுச் சிகிச்சையின் பெறுமானத்தை முறையாகச் சோதித்துக் காட்டிய ஆய்வுகளில் முன்னோடியானது சென்னையில்தான் நடந்தது. காசநோய்க்கு நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு மூன்றும் வேண்டும், அவை சானடோரியம் என்ற, தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில்தான் கிடைக்கும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் 1950-களில் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. மாத்திரையால் குணமாக்க முடியும் என்ற நிலை அப்போது வந்திருந்தது. அந்த மாத்திரையை வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் போதுமா என்ற கேள்விக்கு மட்டும் விடை தெரியவில்லை.

அந்த விடையைத் தேடி 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய ஆய்வில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவானது. மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் வசதிக்கோ அதில் இடமில்லை. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள் ஓராண்டுக்குத் தரப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சத்தான உணவும் ஓய்வும் நர்ஸின் கவனிப்பும் கிடைத்தன. வீட்டுப் பிரிவில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். அரைகுறைச் சாப்பாட்டோடு பலர் வேலைக்கும் போய்வந்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். இவ்வளவு ஏற்றத்தாழ்வான வாழ்க்கைச் சூழலுக்கு இடையே இது மிகச் சிறிய இடைவெளி. உடன் வசித்த குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றுமோ என்ற அச்சத்துக்கும் பதில் கிடைத்தது. பல ஆண்டுகள் கண்காணித்தும், வீட்டுப் பிரிவினரின் குடும்பங்களில் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. தொற்றியதில் பெரும்பகுதி, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தொற்றியிருந்தது. 1959-இல் வெளிவந்த அந்த ஓராண்டு முடிவு சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. 1962-இல் இந்தியா தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டமும் இதை நம்பியே வகுக்கப்பட்டது.

இந்த வெற்றியின் பின்னால் நடந்த வேலை பலர் கண்ணில் படுவதில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை என்றால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது என்று பொருள்கொள்வது பெரும் தவறு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 1990-களில் செய்ததும் இதையே காட்டுகிறது. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பச்சிளங்குழந்தைகளைக் கவனித்து, நோய்த்தொற்று கண்டால் ஊசியும் போட்டார்கள். 39 கிராமங்களில் நடந்த அந்தப் பணி, பச்சிளங்குழந்தை மரணத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது.

பக்கவாதத்துக்கு வந்தால் விடை சற்றுக் கடினமானது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சிமுறைகளைக் கற்றுத்தந்து வீட்டில் செய்யச் சொன்ன பிரிவுக்கும், வழக்கமான சிகிச்சைப் பிரிவுக்கும் ஆறு மாத முடிவில் வேறுபாடு இல்லை. ஆனால் ஐரோப்பிய நாடுகளில், பாதிப்பு மிகக் கடுமையாக இல்லாதவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி, தேர்ந்த குழு ஒன்று வீட்டிலேயே பயிற்சியைத் தொடர்ந்தபோது பிறரைச் சார்ந்திருக்கும் நிலை குறைந்தது. ஆகவே பிசியோதெரபிஸ்ட் வருகிற நாள் தவறக் கூடாது. மகனோ மருமகளோ கைகாலை நீட்டி மடக்கிவிடுவது நல்லதுதான், ஆனால் அது பிசியோதெரபிஸ்ட்டின் வருகைக்கு மாற்றாகாது.

பனமலைக்கு வருவது தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய இத்திட்டம், பி.பி., சுகர் மாத்திரைகளோடு நோய்த்தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகள் ஆகியவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. 2024-இல் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை பேருக்கு பி.பி. கட்டுக்குள் வந்தது என்பதே நோயாளிக்கு வேண்டிய கணக்கு. தமிழ்நாட்டில் தொற்றாநோய்கள் குறித்து நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 2020-இல் 7.3 சதவீதம், 2023-24-இல் 17 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனால் சென்னை ஆய்வைப் போல இரு பிரிவுகளை ஒப்பிட்டுப் பெற்ற எண் அல்ல இது, முழுப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குத் தந்துவிட முடியாது. ஆறில் ஐந்து பேருக்கு அழுத்தம் இன்னும் அடங்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வீட்டுச் சிகிச்சை மிச்சப்படுத்தும், ஆய்வுக் கணக்கில் பெரும்பாலும் ஏறாத செலவும் ஒன்று உண்டு. நடக்க முடியாத ஒருவரைப் பனமலையிலிருந்து முண்டியம்பாக்கத்துக்கோ திண்டிவனத்துக்கோ கூட்டிப்போக ஆட்டோ அல்லது கார் வாடகை வேண்டும், துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலியும் போய்விடும். இதனாலேயே பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் எப்போது ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்?

பதில்: முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென்று தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை மீண்டும் பக்கவாதம் வருவதற்கான அடையாளங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதை வீட்டில் போட முடியாது. ஸ்கேன் எடுத்த பிறகே அந்த ஊசி. வீட்டுக்கு வரும் செவிலியருக்காகவோ விடிவதற்காகவோ காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.