மின்னிசை நூலகத்தில் கலைஞர் பெயர்ப் பதிவு: பெயர், ஆள், பங்கு என்னும் முப்பகுப்பு

ஆய்வுச் சுருக்கம்

இசைப்பதிவுகளைக் கணினிவழித் தொகுக்கும் நூலகங்கள் பலவும் 'கலைஞர்' என்னும் ஒற்றைப் புலத்தையே சார்ந்துள்ளன. தமிழ்நாட்டுக் கலைஞர்தம் பெயர் மரபையும், ஒரு பாடலில் பலர் ஏற்கும் பங்கையும் அப்புலம் தாங்குவதில்லை. பெயர், ஆள், பங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவுசெய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை சான்றுகளுடன் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மீத்தரவு, தலைப்பெழுத்து, ஊர்ப்பெயர், பக்கவாத்தியம், மெட்டு

முன்னுரை

ஒலிக்கோப்பு ஒன்றைத் தேடுவோர்க்கு வழிகாட்டுவன அதனோடு இணைக்கப்பட்ட சொற்களே. அச்சொற்களை எம்பி3 கோப்பினுள் பதிக்க 1996இல் ஐடி3 என்னும் முறை தோன்றியது. அதன் முதல் வடிவம் 128 பைட்டு கொண்டது. கலைஞர் பெயருக்கு அதில் கிடைத்த இடம் 30 பைட்டு. இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 'எம். எஸ். சுப்புலட்சுமி' என எழுதவே 61 பைட்டு வேண்டும். பின்வந்த வடிவங்கள் இந்நெருக்கடியை நீக்கியதோடு, பாடலாசிரியர், இசையமைப்பாளர் முதலியோர்க்குத் தனிப்புலங்களையும் தந்தன. ஆயினும், எல்லாப் பெயரையும் ஒரே புலத்தில் அடைக்கும் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

1. பெயர்

தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்து ஊரையோ பெற்றோரையோ குறிப்பது. எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் மதுரையும் தாயார் சண்முகவடிவும் அடங்கியுள்ளனர். டி. கே. பட்டம்மாளின் 'டி' தாமல் என்னும் ஊரைக் குறிக்கிறது. இங்குள்ள 'டி' ஊர்ப்பெயரின் முதலெழுத்தன்று. ஆங்கில எழுத்தின் பெயர். இதனால் ஓர் இடர் எழுகிறது. டி. கே. ஜெயராமன், டி. கே. ரங்காச்சாரி ஆகிய இருவர்க்கும் தமிழில் தலைப்பெழுத்துகள் ஒன்றே. ரோமன் எழுத்தில் முன்னவர்க்கு அவ்வரிசையின் நான்காம் எழுத்தும் பின்னவர்க்கு இருபதாம் எழுத்தும் வரும். எனவே, தமிழ்ப் பெயரைக் கணினியே ரோமன் எழுத்தாக மாற்றுமாயின் இருவருள் ஒருவர் பெயர் பிழைபடுதல் உறுதி. ஒவ்வொரு பெயர்க்கும் இரு எழுத்து வடிவங்களையும் கையால் பதிவுசெய்தலே தக்கது.

வரிசைப்படுத்தலிலும் சிக்கல் உண்டு. பெயரின் இறுதிச்சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் மேலை மரபைப் பின்பற்றினால், செம்மங்குடி சீனிவாச ஐயரும் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயரும் 'ஐயர்' என்னும் சாதிப்பெயரின்கீழ் ஒரு குடும்பத்தார்போல் வந்துசேர்வர். விஸ்வநாத ஐயரின் மகனாகிய மகாராஜபுரம் சந்தானமோ வேறிடத்தில் நிற்பார். கேட்போர் 'செம்மங்குடி' என்றே அவரைச் சுட்டுவர். அதுவே வரிசைப்பெயரின் முதற்சொல்லாதல் வேண்டும். தலைப்பெழுத்து உடையோரைச் 'சுப்புலட்சுமி, எம். எஸ்.' என இயற்பெயரால் வரிசைப்படுத்தலாம். ஆகவே, காட்டும் பெயர் வேறு, வரிசைப்பெயர் வேறு எனக் கொள்வது இன்றியமையாதது.

2. ஆள்

பெயரைக் கொண்டே ஆளை அறுதியிட இயலாது. வானொலிக் குறிப்பிலோ ஒலிநாடா உறையிலோ 'மணி ஐயர்' என்று மட்டும் இருப்பின், அது வாய்ப்பாட்டுக் கலைஞர் மதுரை மணி ஐயரையும் (1912–1968) குறிக்கலாம். மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயரையும் (1912–1981) குறிக்கலாம். பிறந்த ஆண்டும் ஒன்றாதலின் அதனைச் சேர்த்தாலும் வேறுபாடு தோன்றாது. இதற்குத் தீர்வு, பெயரைச் சாராத அடையாள எண்ணாகும். மியூசிக்பிரெயின்ஸ் என்னும் திறந்த இசைத் தரவுத்தளம் ஒவ்வொரு கலைஞர்க்கும் 36 குறிகள் கொண்ட அடையாளத்தை அளிக்கிறது. ஐஎஸ்என்ஐ எனப்படும் பன்னாட்டுத் தரம் 16 இலக்கங்களை அளிக்கிறது. ஓர் எண்ணின்கீழ் அக்கலைஞரின் எல்லாப் பெயர் வடிவங்களும் அடங்கும். 'சுசீலா' என்று தேடினும் 'சுசிலா' என்று தேடினும் ஒருவரையே அடையலாம். உறையில் அச்சான வடிவத்தையும் திருத்தாமல் காக்கலாம்.

இணையராக இயங்கியோர்க்கும் இது பொருந்தும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணை 1965 வரை ஒன்றாக இசையமைத்தது. அதற்கு முந்தைய திரைப்பாடலுக்கு எம். எஸ். விஸ்வநாதன் பெயரை மட்டும் இடுவது டி. கே. ராமமூர்த்தியின் உழைப்பை மறைப்பதாகும். இணையர்க்குத் தனி அடையாளம் தந்து, இருவரையும் அதன் உறுப்பினராக இணைத்தல் வேண்டும்.

3. பங்கு

திருப்பாவையை இயற்றியவர் ஆண்டாள். இன்று கச்சேரிகளில் பரவலாக வழங்கும் மெட்டுகளை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அவற்றைப் பாடிப் பரப்பியோருள் எம். எல். வசந்தகுமாரி (1928–1990) குறிப்பிடத்தக்கவர். ஒற்றைப் புலத்தில் இம்மூவருள் ஒருவர்க்கே இடம். இப்பங்குகள் ஒரே தளத்தில் அமைவனவும் அல்ல. ஆசிரியர் பாடலுக்கும், மெட்டமைத்தவர் மெட்டுக்கும், பாடியவர் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கும் உரியவர். இவ்வாறு பகுத்தால், ஒரே பாடலின் பல மெட்டுகளையும் ஒரே மெட்டின் பல பதிவுகளையும் ஒப்பிட்டு ஆராய இயலும்.

பகுப்பின்மையால் பெரிதும் இழப்புறுவோர் பக்கவாத்தியக் கலைஞரே. கச்சேரிப் பதிவு பாடகர் பெயரால் மட்டும் அறியப்படுமானால், பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பை ஆராய்வோர்க்கு அப்பதிவு இருந்தும் இல்லாததாகும். ஐடி3 முறையின் 2.4ஆம் வடிவத்தில் கருவியையும் அதனை வாசித்தவரையும் இணையாகப் பட்டியலிடும் புலம் உண்டு. அதனை நிரப்புவது தொகுப்போர் கடன்.

4. பதிவு நெறிகள்

மேற்கண்டவற்றால் பெறப்படும் நெறிகள் நான்கு: கலைஞர் ஒவ்வொருவர்க்கும் நிலையான ஓர் அடையாளம் தருக, அதன்கீழ்க் காட்டும் பெயர், வரிசைப்பெயர், மாற்றுப்பெயர்கள் ஆகியவற்றை இரு எழுத்துகளிலும் பதிக, பாடல், மெட்டு, ஒலிப்பதிவு என்னும் தளந்தோறும் பங்கைக் குறிக்க, ஒவ்வொரு செய்தியும் உறையிலிருந்து பெறப்பட்டதா, அறிவிப்பிலிருந்து பெறப்பட்டதா எனச் சான்றைச் சுட்டுக. வாசிப்பின் பாணியைக் கேட்டு ஊகித்த பெயரை உறுதியானதுபோல் எழுதலாகாது. ஊகம் என்றே குறிக்க வேண்டும். வெற்றிடம் பின்னர் நிரம்பக்கூடும். தவறான பெயரோ படியெடுக்குந்தோறும் பரவும்.

முடிவுரை

ஒலிப்பதிவைக் காப்பதனால் மட்டும் இசை வரலாறு காக்கப்படுவதில்லை. பாடியவர், வாசித்தவர், மெட்டமைத்தவர், எழுதியவர் ஆகியோர் இன்னார் என்னும் செய்தி அழிந்தால், எஞ்சும் ஒலி ஆய்வுக்கு உரிய சான்றாகாது. பழைய உறைகளைப் படித்து ஐயம் நீக்கவல்ல இசைவாணரும் சேகரிப்பாளரும் நம்மிடையே உள்ள காலத்திலேயே, பெயர், ஆள், பங்கு என்னும் முப்பகுப்பின்படி இப்பதிவுகளைச் செப்பம் செய்தல் தமிழ்த்துறைகளும் இசைத்துறைகளும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.