குறைமாதக் குழந்தையின் மூளையில் ரத்தக் கசிவு: தாய் மேல் பழி எதற்கு?



குழுக் கூட்டங்களில் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. "ஏழாம் மாசத்துல பிறந்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டியிலதான் இருந்துச்சு. யாரும் கீழே போடல. மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குங்கறாங்களே, எப்படி?" பதில் கிடைக்கும் முன்பே வீட்டில் பழி மருமகள் மேல் விழுந்துவிடுகிறது. கிரகணத்தில் வெளியே போனாளாம், பப்பாளி தின்றாளாம். கசிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்கும் முன்பு பிறந்த, ஒன்றரை கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குத்தான் கசிவு ஆபத்து அதிகம். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில் ரத்தக் குழாய்கள் அப்போது நூல் மாதிரி மெலிசாக இருக்கும். மூச்சுத் திணறினாலோ, ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலோ தாங்காது. பெரும்பாலும் பிறந்த முதல் 3 நாளிலேயே கசிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

கசிவை 1 முதல் 4 வரை நிலையாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். 3, 4 என்றால் தலையில் நீர் தேங்கலாம், கை கால் இறுகலாம், பேச்சும் படிப்பும் தாமதமாகலாம். ஆனால் அந்த எண்ணை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது.

வயதைக் கணக்கிடுவதில் கவனம் வேண்டும். 2 மாதம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு 6 மாதம் ஆனால், வளர்ச்சிக் கணக்கில் 4 மாதம்தான். அந்தக் கணக்கில் 4 மாதம் தாண்டியும் தலை நிற்கவில்லையா? கட்டைவிரலை உள்ளே மடக்கியே வைத்திருக்கிறதா? கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னுகிறதா? உடனே காட்டுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டினால் "அதுக்குள்ள சோத்துக்கை பழகிடுச்சு" என்று பாட்டிமார் பூரித்துப் போவார்கள். மறு கையில் பலம் குறைவு என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். தலை வேகமாகப் பெருத்தாலோ, உச்சிக்குழி புடைத்து வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உரம் எடுக்கிறேன் என்று தலைகீழாகப் பிடித்து உதறுவது வேண்டவே வேண்டாம்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்று காத்திருந்தால் நல்ல காலம் போய்விடும். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் செயல்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். பஸ் செலவுதான் பலரைத் தடுக்கிறது. குழுவில் அவசரக் கடன் கொடுக்க இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

கர்ப்பிணி உறுப்பினர்களுக்கு ஒன்று. 34 வாரத்துக்குள் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தும், மூளைக் கசிவையும் குறைக்கும். பிரசவத்துக்கு ஒரு நாள் முன்பே போட்டால்தான் முழுப் பலன். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்கு எது பக்கம் என்று இந்த மாதக் கூட்டத்திலேயே கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.