மூன்று வயதுக்கு எதற்கு இத்தனை பாடவேளை?

சேலம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய கால அட்டவணை வந்து சேர்ந்தது. காலை 5.30க்கு எழுப்புவது, 6 மணிக்கு ஆங்கில எழுத்து அட்டை, 6.30க்கு எண் அட்டை, பால் குடித்ததும் நாடுகளின் கொடிகள், மாலையில் செல்போனில் உச்சரிப்புப் பயிற்சி, படுக்கப் போகுமுன் மறுபடியும் அட்டை. பையனுக்கு வயது மூன்று. காப்பித் தோட்ட ஆபீசில் நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் கத்தரிக்கோலும் ஸ்கெட்ச் பேனாவுமாக உட்கார்ந்து நீ அட்டை தயாரிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஏற்காட்டில் இருக்கும் பெரிய பள்ளி ஒன்றில் அவனுக்கு இடம் கிடைக்க வேண்டும், மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் அவன் நின்றுவிடக் கூடாது என்ற கவலை உனக்கு. அந்த உழைப்பின் மேல் இருக்கும் மரியாதையால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது. வீட்டில் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடு என்பதல்ல இந்தப் பெரியப்பாவின் பேச்சு. உன் உழைப்பு தப்பான இடத்தில் போய் விழுகிறது என்பதுதான்.

முதலில் இந்த அட்டைகளின் கதை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் கிளென் டோமன் என்றொரு இயன்முறை மருத்துவர் இருந்தார். மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தவர். கைக்குழந்தைக்கே வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று 1964இல் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய சிவப்பு எழுத்தில் ஒரு சொல்லை அட்டையில் எழுதி, மளமளவென்று காட்டி, ஒரு நாளைக்குப் பல தடவை திருப்பித் திருப்பிச் செய்வது அவர் முறை. அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு வீடியோ வந்தது, டிவிடி வந்தது, இப்போது செயலி வந்திருக்கிறது. குழந்தை வாசிக்கும் என்று விளம்பரம் செய்து டிவிடி விற்ற ஒரு நிறுவனத்தின் மீது, அந்த விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2012இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது.

இவை வேலை செய்கின்றனவா என்று யாராவது முறையாகப் பார்த்தார்களா? பார்த்தார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சூசன் நியூமன் குழுவினர் 9 மாதம் முதல் 18 மாதம் வரையிலான 117 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு டிவிடி, அட்டை, புத்தகம் எல்லாம் கொடுத்து ஏழு மாதம் தினமும் பழக்கினார்கள். மறுபகுதிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. எழுத்தின் பெயர், ஒலி, சொல்லை அடையாளம் காண்பது, பொருள் புரிவது என்று 14 வகையாக அளந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 13 அளவைகளில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தெரிந்த ஒரே ஒன்று, 'என் குழந்தை கற்றுக்கொள்கிறது' என்ற பெற்றோரின் நம்பிக்கை.

உன் மகன் மூன்று வயதுக்காரன், கைக்குழந்தை இல்லை. கொடியைக் காட்டினால் ஜப்பான் என்கிறான், பிரேசில் என்கிறான். மறுப்பதற்கில்லை. ஆனால் ஜப்பான் என்றால் அவனுக்கு என்ன? வெள்ளைத் தாளில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான்.

குழந்தைக்கு எது ஏறுகிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா குல் 2003இல் வெளியிட்டது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், சீன மொழியைக் காதால் கேட்டே இராதவர்கள். அவர்களோடு சீன மொழி பேசும் ஒருவர் தரையில் உட்கார்ந்து, பொம்மையைக் காட்டி, புத்தகம் படித்து விளையாடினார். பன்னிரண்டு அமர்வுகளிலேயே அந்த மொழிக்கே உரிய நுட்பமான ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆள், அதே பேச்சு, அதே அளவு நேரம், ஆனால் டிவி பெட்டியில். அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. எதிரில் கண்ணைப் பார்த்துப் பேசுகிற, கேட்டதற்குப் பதில் சொல்கிற ஒரு மனுஷி வேண்டியிருக்கிறது. மாலை நேர உச்சரிப்புப் பயிற்சியை செல்போனிடம் ஒப்படைத்துவிட்டு நீ சமையல்கட்டில் நிற்கிறாயே, அந்த நேரத்தில் அவனை உன் பக்கத்தில் உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொல்லி வாயடித்துக்கொண்டிருந்தாலே போதும்.

'இதெல்லாம் படித்த, வசதியான வீட்டுக்குத்தான் சரி' என்று நினைத்துவிடாதே. ஜமைக்காவின் தலைநகரம் கிங்ஸ்டனில் 1980களின் நடுவில் ஒரு வேலை நடந்தது. சாப்பாடு போதாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், ஏழை வீடுகள். சாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற மருத்துவரின் குழு, சுகாதாரப் பணியாளர்களை வாரம் ஒரு மணி நேரம் அந்த வீடுகளில் ஒரு பகுதிக்கு அனுப்பியது. அவர்கள் கையில் பிளாஸ்டிக் பாட்டிலிலும் அட்டைப்பெட்டியிலும் செய்த பொம்மைகள். குழந்தைக்குப் பாடம் எடுக்கவில்லை. பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் இது நடந்தது. இருபது வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்! மீதி நேரமெல்லாம் அம்மாவும் பிள்ளையும் தாங்களாகவே விளையாடிக்கொண்டது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, 'அது என்ன குருவி, எங்கே போகுது' என்று பேசிக்கொண்டே நடக்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அவர்கள் செய்வதும் அதுதான்.

நம் ஊர் உதாரணம் கேட்பாய். விசுவநாதன் ஆனந்தை எடுத்துக்கொள். ஆறு வயதில் அவருக்குச் செஸ் கற்றுக்கொடுத்தது அம்மா சுசீலா. ரயில்வேயில் இருந்த அப்பாவின் வேலை நிமித்தமாக 1970களின் கடைசியில் குடும்பம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தது. அங்கே டிவியில் மத்தியானம் செஸ் நிகழ்ச்சி வரும், கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள். அந்த நேரத்தில் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். சுசீலா டிவி முன் உட்கார்ந்து ஆட்டத்தையும் புதிரையும் தாளில் எழுதி வைத்துக்கொள்வார். பையன் வந்ததும் இருவரும் சேர்ந்து புதிரை விடுவித்து, விடையைத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு ஒரு செஸ் புத்தகம். ஆனந்த் ஜெயித்துக்கொண்டே இருந்ததில், ஒரு கட்டத்தில் நிகழ்ச்சிக்காரர்கள் அவரை நூலகத்துக்கு அழைத்துப் போய், வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்றார்களாம். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், பிறகு ஐந்து முறை உலக சாம்பியன்.

இதில் சுசீலா செய்ததைக் கவனி. விடையை அவர் கண்டுபிடித்து ஒப்பிக்க வைக்கவில்லை. மகனுக்கு ஆசை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவன் இல்லாத நேரத்தில் அவனுக்காக உழைத்தார், அவன் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தார். ராத்திரி கண்விழித்து அட்டை வெட்டுகிற உனக்கும் அந்த உழைப்பு இருக்கிறது. கண்ணு, அவன் ஆசை எது என்று பார்த்தாயா?

இன்னொரு உதாரணம் உன் ஊரிலேயே இருக்கிறது. ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் 1962இல் ஆறு வயதுப் பையனாகச் சேர்ந்தவர் சசி தரூர். அவருடைய ஆங்கிலச் சொல்வளத்தை நாடே பேசுகிறது. அது எப்படி வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆஸ்துமாவால் அடிக்கடி படுக்கையில் கிடந்த பிள்ளை, வீட்டில் டிவி இல்லை, புத்தகம்தான் துணை. பத்திரிகை நிறுவனத்தில் வேலை பார்த்த அப்பா சந்திரன் தரூருக்குச் சொல் விளையாட்டுகள் என்றால் உயிர். ஸ்கிராபிள் பலகையை விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவார்.

தீவிரமாகச் சொல்லிக்கொடுத்தால் மேதை ஆகமாட்டானா என்ற கேள்வி உன் மனசில் இருக்கும். ஆகலாம். அதற்குக் கொடுத்த விலையையும் பார்த்துவிடு. நார்பர்ட் வீனர், 1894இல் பிறந்தவர். அப்பா லியோ வீனர் ஹார்வர்டில் மொழிப் பேராசிரியர். மகனை வீட்டிலேயே தன் கையால் வளர்த்தார். பையன் பதினொரு வயதில் கல்லூரி, பதினான்கில் பட்டம், பதினெட்டில் ஹார்வர்டில் முனைவர் பட்டம். சைபர்நெட்டிக்ஸ் என்ற துறையையே 1948இல் உருவாக்கிய கணித மேதை. பின்னாளில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கும் வந்து இருந்தவர். அவர் 1953இல் தன் இளமைப் பருவத்தைப் புத்தகமாக எழுதினார். அல்ஜீப்ரா பாடம் அன்பாகத்தான் தொடங்குமாம். முதல் தப்பு வந்ததும் அப்பாவின் குரல் மாறிவிடும். பையன் அழுவான், அம்மா குறுக்கே வருவார், பாடம் வீட்டுச் சண்டையில் முடியும். எட்டு வயதில் கண் கெட்டு, ஆறு மாதம் புத்தகத்தையே தொடக் கூடாது என்று டாக்டர் தடுத்தார். அதைவிடப் பெரிய காயம் வேறு. என் பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகள்தான், என் பயிற்சியால்தான் இப்படி ஆனார்கள் என்று அப்பா பத்திரிகையில் சொல்லிவிட்டார். அதைப் படித்த மகனுக்கு, ஜெயித்தால் அது அப்பாவுடையது, தோற்றால் மட்டும் தன்னுடையது என்று பட்டது. ஐம்பது வயதைத் தாண்டியும் அதை அவரால் மறக்க முடியவில்லை.

உன் குரல் மாறும் என்று பெரியப்பா சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் 'டி'யைப் பார்த்து 'பி' என்றதற்கு அவன் அழுதான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

எழுத்து வேண்டாமா என்றால், வேண்டும். எப்படி என்பதற்கு மரியா மாண்டிசோரியைவிட நல்ல ஆசிரியை கிடையாது. அந்தப் பெயரைப் போர்டில் எழுதிய நர்சரிகள் நம் பக்கம் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன, ஆனால் அந்த அம்மையார் நம் தமிழ்நாட்டிலேயே வருடக்கணக்கில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939 நவம்பரில், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் திட்டம். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் மகன் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளுக்குத்தான் மகனை விடுவித்தார்கள். போர்க்காலத்தில் கொடைக்கானல் மலையில் தங்கி, அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சிறு பள்ளி நடத்தினார். வகுப்பறைக்கு வெளியே இருந்த செடியும் பூச்சியும் கல்லும்தான் அங்கே பாடம் ஆயின. 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

அவர் முறையில் எழுத்து அட்டை உண்டு. ஆனால் எழுத்து உப்புத்தாளில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். குழந்தை அதை விரலால் தடவிப் பார்க்கும், பெரியவர் அதன் ஒலியைச் சொல்வார், குழந்தை வேறு வேலைக்குப் போக நினைத்தால் போய்விடலாம். அதற்கு முன்னாலேயே தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, தானியம் பிரிப்பது என்று கைக்கு வேலை கொடுத்துப் பழக்கிவிடுவார். விரல் உறுதியானதும் எழுத்து தானாக வந்தது. நம் திண்ணைப் பள்ளியில் ஐந்து வயதில் மணலில் விரலால் எழுத வைத்ததற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை பார்! அரிசித் தட்டில் 'அ' போட்டு விரலைப் பிடித்து ஓட்டு. பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரிக் கைவேலைக்கு ஏற்காட்டைவிடத் தோதான ஊர் எது? நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் பழம் வாங்கி வந்து அவன் முன்னால் கொட்டு. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று அவனே பிரிக்கட்டும். பிறகு வாளித் தண்ணீரில் போடச் சொல். நல்ல பழம் முங்கும், சொத்தை மிதக்கும். 'இது மட்டும் ஏன்டா மேலே வருது?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு. தூங்குது என்பான், நீச்சல் தெரியும் என்பான். சரி, பிதுக்கிப் பார்ப்போம் என்று இரண்டையும் பிதுக்கிக் காட்டு. நல்லதில் வழவழவென்று இரண்டு கொட்டை, சொத்தையில் சுருங்கிப்போன ஒன்று. நிறம், எண்ணிக்கை, கனம், காரணம் எல்லாம் அந்த ஒரு வாளிக்குள்ளேயே வந்துவிடும். பக்கத்தில் மட்டும் இருந்துகொள், வாயில் போட்டுக்கொள்கிற வயசு.

இன்னொன்று, தமிழில் பேசு. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து வீட்டுப் பேச்சையே அரைகுறை ஆங்கிலமாக மாற்றிக்கொண்ட வீடுகள் பல. உனக்குக் கோபமும் கொஞ்சலும் கதையும் தமிழில்தான் சரளமாக வரும். வீட்டில் ஒரு மொழியில் பேச்சு பலமாக இருக்கிற பிள்ளைக்கு அடுத்த மொழி சுமையாகாது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து, என்ன பார்த்தாய் என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் அப்படியே எழுதி அவனுக்கே படித்துக் காட்டு. தன் பேச்சு எழுத்தாகி நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு எழுத்தின் மேல் ஆசை வரும்.

தூக்கத்தில் கை வைக்காதே. மூன்று, நான்கு வயதுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கமும், ஒரு நாளைக்கு மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அடுத்த மாதம் மேலே வரும்போது பெரியம்மாவின் பல்லாங்குழிப் பலகையைக் கொண்டுவருவதாக இருக்கிறோம். முத்துக்குப் பதில் பெரிய அவரை விதை போட்டுக்கொள்ளலாம், ஆள் கூட இருக்கும்போது மட்டும் எடுத்துக் கொடு.

கடைசியாக, அவன் இன்னும் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாய். அட்டவணையைவிட முதலில் பார்க்க வேண்டியது அதுதான். மூன்று வயதில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ராஷ்டிரிய பால சுவஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் 2013 முதல் அங்கன்வாடிகளுக்கு மருத்துவக் குழு வருகிறது. குழந்தையின் காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். எப்போது வருகிறார்கள் என்று உங்கள் அங்கன்வாடி டீச்சரிடம் நாளைக்கே கேள். நாளாகும் என்றால் காத்திருக்காதே, அவனைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது பரிசோதனைக்குப் பெரியப்பா கூட வருவார். எந்த நாள் லீவு கிடைக்கும் என்று மட்டும் போனில் சொல்.

அன்புடன்,
பெரியப்பா